டைரக்டர் ஏழுமலை

ஏழுமலையின் நிரந்தர வேலையைக் கெடுத்தவன் நான்தான். விதியல்ல, நிர்வாகமல்ல... நான்! இன்றுவரை அவர் என்னைச் சந்தேகித்ததுகூட இல்லை.

நான் கம்பெனிகளின் வருமான வரி வழக்குகளை நடத்தும் வக்கீல். சென்னைத் தீர்ப்பாயத்தில் வாதாடிவிட்டு, நெய்வேலி நகரியத்தில் மனைவியின் பெயரில் ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸுக்கு வந்து உறங்குகிறவன். அவள் சுரங்க நிறுவனத்தில் பெர்மனன்ட். என் தந்தையும் அப்படித்தான் இருந்தார். நான் படித்த பள்ளி, தாய்க்குக் கிடைத்த வைத்தியம், சட்டக் கல்லூரிக்குக் கட்டிய பணம், எல்லாம் அந்த ஒரு சொல்லின் தயவு. ஆகையால், அதன் அருமை தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

ஏழுமலை முத்தாண்டிக்குப்பத்துக்காரர், சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லாதவர். நிலம் கொடுத்த குடும்பங்களுக்குச் சுரங்கத்தில் வேலை கேட்க உரிமை உண்டு; நிலமே இல்லாதவர் எதைக் கொடுத்துக் கேட்பார்? தலை நரைக்கும்வரை கான்ட்ராக்ட் தொழிலாளியாகவே இருந்தார். ஓய்வு நாட்களில் எங்கள் பலா மரத்தின் கிளைகளைக் கழித்துக் கொடுப்பார். என்னைவிட மூத்தவர். ஆனாலும் நான் தின்னும் சோற்றுக்கு அவர்தான் காவல் என்பதுபோல் என்னைச் "சார், சார்" என்று சுற்றி வருவார்.

என் கட்சிக்காரர் ஒருவர் மண் அள்ளும் ஒப்பந்தங்கள் எடுப்பவர். அவருடைய லாபத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும். துணை ஒப்பந்தம் என்று இன்னொரு கம்பெனிக்குப் பணம் போனதாகக் காட்டினால் முடிந்தது. ஆனால் அந்தக் கம்பெனி அவருடைய உறவினர் பெயரில் இருந்தால் வரி அதிகாரி தோண்டித் துருவுவார். எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஆள் வேண்டும்... ஆள், என் தோட்டத்திலேயே, மரத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார்!

கம்பெனி தொடங்க இரண்டு பேர் வேண்டும் என்பதால், ஏழுமலையையும் அவர் மனைவி அஞ்சலையையும் வரச்சொன்னேன். காட்டிய இடங்களில் கையெழுத்திட்டார்கள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. காப்பி கொடுத்து, "இனிமே நீங்க டைரக்டர்" என்று சிரித்தேன். அது எனக்கு ஒரு வேடிக்கை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே... அவருடைய பெயரை எடுத்து அப்படித்தான் தாராளமாகப் பரிமாறினேன்.

எங்கள் நகரியத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரரான உங்களுக்குத் தெரியாது. சுரங்க நிறுவனத்தின் டைரக்டர் வருகிறார் என்றால் சாலையோரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்தக் கற்களுக்கு அடித்துக்கொண்டிருந்தவர்களில் ஏழுமலையும் ஒருவர். அஞ்சலை தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தாளாம். அதையும் கேட்டுச் சிரித்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, பணிமூப்பு பார்த்துக் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் சிலரை நிரந்தரமாக்கத் தொடங்கினார்கள். ஏழுமலையின் முறை வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போனார். வேறு ஏதாவது தொழில் உண்டா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் இல்லை என்று சொல்லிவிட்டு வரும் கேள்வி அது. அவரோ, இதைச் சொன்னால் மதிப்புக் கூடும் என்று நம்பி, தான் ஒரு கம்பெனியின் டைரக்டர் என்று நிமிர்ந்து சொல்லியிருக்கிறார்.

விசாரித்தார்கள். உண்மைதான் என்று தெரிந்தது. கம்பெனி வைத்திருப்பவர் தொழிலாளி ஆகமாட்டார் என்று அவர் பெயரைத் தள்ளிவிட்டார்கள்.

அவர் என்னிடம்தான் வந்தார். வேறு எந்த வக்கீலை அவருக்குத் தெரியும்? "நல்லதாச்சேன்னு சொல்லிட்டேங்க. இப்ப அதுவே வெனையாப் பூட்சி. அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாங்களாம்" என்றார்.

ஒரு வார்த்தை! அதை எழுதினால் கட்சிக்காரர் காட்டிய செலவெல்லாம் பொய் என்றாகும். பொய்யை வடிவமைத்தவன் யார் என்று கேள்வி வரும். என் கறுப்புக் கோட்டு போய்விடும். மடியில் கனமிருப்பவனுக்குத்தானே வழியில் பயம்?

"சட்டத்துல அதுக்கு வழியில்லைங்க" என்றேன். என் குரல் ஏன் நடுங்கவில்லை? எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். தீர்ப்பாயத்தில் பேசுவதைப்போல் அத்தனை தெளிவாகப் பேசினேன்! அவர் தலையாட்டினார். சட்டம் அப்படியென்றால் சார் மட்டும் என்ன செய்வார் என்று மனைவிக்கும் அவரே சமாதானம் சொன்னார்.

செல்லாத நோட்டு அறிவிப்பு வந்தபின், பெயரளவுக் கம்பெனிகளை அரசு தேடத் தொடங்கியது. கட்சிக்காரர் பயந்தார். ஏழுமலையிடமும் அஞ்சலையிடமும் இன்னும் சில கையெழுத்துகள் வாங்கி, அந்தக் கம்பெனியை நானே மூடிவிட்டேன். எதற்கு என்று இம்முறையும் அவர்கள் கேட்கவில்லை.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கான்ட்ராக்ட் வேலையும் குறைந்துபோயிருந்தது. மேலே ஏற முடியாமல் மூச்சு வாங்கியதால், அன்று மரத்தடியிலேயே நின்றார். ஏதோ கேட்க வந்து கூசுகிறார் என்று தெரிந்தது. உண்மை அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன்... தெரிந்திருக்கக் கூடாதா என்று இன்று ஏங்குகிறேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். நம்ம கம்பெனிலயே எனக்கு ஒரு பெர்மனன்ட் வேல போட்டுக் குடுங்க. வாட்ச்மேன் வேலன்னாலும் போதும். எம்பேர்லதான கீது, அவங்க மாட்டேன்னு சொல்லமாட்டாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கம்பெனி என்று ஒன்று எந்நாளும் இருந்ததில்லை, காகிதத்தில் இருந்ததையும் மூடியாயிற்று என்று சொல்லியிருக்கலாம்.

"பார்க்கலாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். எதையும் கேட்பதில்லை, சும்மா கண்ணில் பட்டுவிட்டுப் போகிறார். நான் வேலை கேட்டுவைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்.