ஷீட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவே ரெண்டு இஞ்ச்

செம்மண்டலத்து பாய் போன் பண்ணினார். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க. சீலிங் ஒழுவுது."

மாசி மாசம். மழையே இல்லை. நானும் மச்சானும் போனோம். மச்சான் என் வீட்டுக்காரியின் தம்பி. இருபது வருஷம் சேர்ந்தே ஷீட் கூரை வேலை பார்த்தோம்.

பாய் துபாயில் இருந்து வந்தவர். மாடியில் சரிவாக ஷீட் போட்ட ரூம் ஒன்று இருந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம். தாயும் பிள்ளையும் தங்க அந்த ரூமுக்கு எங்களை வைத்து சீலிங் அடித்திருந்தார். சிதம்பரத்து சம்பந்தியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஷீட் ரூம்ல பச்சப்புள்ளைய வேக வெக்கிறதா? இங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நேரில் வந்து ரூமைப் பார்ப்பதாகப் பேச்சு.

மேலே ஏறினோம். அனல்.

மச்சான் சொன்னான். "மூடி போட்டு நல்லா அவிச்சிருக்கோம் மாமா."

ஒரு போர்டைக் கழற்றினேன். மூஞ்சியில் தண்ணி ஊற்றியது. சூடு இறங்காமல் இருக்க போர்டுக்கு மேலே வைத்த கண்ணாடிப் பஞ்சு ஊறிக் கிடந்தது.

தப்பு என்னுடையது. புயலில் ஷீட் பறந்ததைப் பார்த்தவன் நான். அதற்கப்புறம் எந்த வீட்டிலும், காத்து புகுந்து தூக்காதபடி, சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தை சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவேன். பஞ்சையும் ஷீட்டோடு ஒட்டி வைத்தேன். பகலில் சூடு வெளியே போகவில்லை. விடியற்காலைப் பனியில் ஷீட் குளிர்ந்து உள்பக்கம் வேர்த்தது. பஞ்சு அதைக் குடித்துவிட்டது.

பாய் சத்தம் போடவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"முடியும் பாய்."

மூணு நாள் இருந்தது. எல்லாவற்றையும் பிரித்தோம். கீழ்ச் சந்தில் சிமெண்டை உளியால் கொத்தி எடுத்து, அணில் நுழையாமல் வலை அடித்தோம். கூரை உச்சியில் உள்ள மூடியைத் தூக்கி, மழை அடிக்காதபடி சந்து விட்டோம். போர்டைத் தாங்கும் சேனலை இறக்கி, புதுப் பஞ்சை ஷீட்டில் இருந்து ரெண்டு இஞ்ச் தள்ளி வைத்தோம். காத்து கீழே நுழைந்து மேலே போக வழி. ஷீட்டுக்கு போல்ட் ரெண்டு மடங்கு.

பஞ்சு பட்டு மேலெல்லாம் அரிப்பு. மச்சான் கையில் டேப்பை ஒட்டி ஒட்டி உரிப்பான். "முடியும் வருது மாமா, பரவால்ல, அழகாயிட்டேன்" என்பான். பாயே ஏணியைப் பிடித்தார். டீயும் அவரே போட்டார். இஞ்சி ஜாஸ்தி. அந்த மாதிரி டீ அப்புறம் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சம்பந்தியம்மா வந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். தரையில் கோரைப்பாயை விரித்து உட்கார்ந்தார். பாய் வாசப்படியில் நின்றார். நானும் மச்சானும் சாமான் எடுக்கிற மாதிரி ஓரமாக நின்றோம். சம்பந்தியம்மா கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். "தொட்டில எதுல கட்டுவீங்க? இந்த அட்டை தாங்காதே."

"மேல இரும்பு பைப்புல கொக்கி போட்டுத் தரேம்மா" என்றேன்.

"கெட்டியா போடுங்க."

பாய் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் இப்போது மகனோடு வெளியூரில் இருக்கிறான். நானும் ஏணி ஏறுவதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். புயலுக்குப் பயந்தால் போல்ட்டைக் கூட்டுங்கள். காத்து போகிற சந்தை அடைக்காதீர்கள்.