மதினி பறித்த பாண்டா இலைகள்

பக்கத்து வீட்டு மதினி என்னைக் கேட்காமலே என் பாண்டா அழகுச்செடியில் இருந்த ஏழு தடித்த இலைகளையும் பறித்துக்கொண்டார். ஒற்றை இலையிலிருந்து ஆறு மாதமாக நான் வளர்த்த செடி. இப்போது வெறும் குச்சிதான் நிற்கிறது.

அந்த இலைகளைப் படம் பிடித்து, "என் கைராசி" என்று ஸ்டேட்டஸ் வேறு.

இன்று காலை வந்தார். "ஏட்டி, இலை வேர் விடவே மாட்டேங்கு. ஒனக்கு வெவரம் தெரியும்லா, சொல்லேன்."

அந்த இலையின் பஞ்சு ரோமத்தில் ஈரம் தங்கினால் இரண்டே நாளில் அழுகிவிடும். வெளியே குற்றாலச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

"மொட்டை மாடியில வைங்க மதினி. சாரல் பட்டாத்தான் வேர் பிடிக்கும்."

"படிப்பு ஏறலன்னாலும் வெவரமான பிள்ளதான்!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

இப்போது மாடியில் தொட்டியை இழுக்கும் சத்தம் கேட்கிறது.

நான் செய்தது தப்பென்றால் சொல்லுங்கள். சீசன் முடிந்ததும் மதினியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.