பாய் காலுக்குப் போட்ட கட்டு

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குழாய் வேலை செய்கிறேன். வேலை முடித்துக் கிளம்பிய பிறகும், மூட்டு கசிகிறதோ என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள்.

மயிலாப்பூரில் எங்களுக்குக் கீழ் வீட்டில் ஒரு பாய் இருக்கிறார். தி.நகரில் தையல்காரராக இருந்து ஓய்ந்தவர். சர்க்கரை நோயால் இடது பாதத்தில் புண். தினமும் கழுவிக் கட்ட வேண்டும். அதைச் செய்துவந்த அவர் மனைவிக்கு ஈஸ்டருக்கு முந்தின வாரம் கண்ணில் ஆபரேஷன். குனியக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகள் பெங்களூரிலிருந்து சனிக்கிழமைதான் வருவாள்.

"நாலு நாள்தானே, நீ போய் கட்டுய்யா" என்றாள் என் மனைவி.

"ரத்தம் பாத்தா எனக்கு மயக்கம் வரும்னு தெரியாதா?"

"ஜெபக் கூட்டத்துல உக்காந்துக்கினு அன்பு அன்புன்னு பேசத் தெரியுது. இதுக்கு மட்டும் மயக்கமா?"

அன்பினால் அல்ல, அவள் வாய்க்குப் பயந்துதான் போனேன். கிளினிக் நர்ஸ் முறையைக் காட்டிக் கொடுத்தார். "விரல் நுனி வெளியே தெரியணும். கட்டு இறுகினா அவருக்குத் தெரியாது, கால்ல உணர்ச்சி இல்ல. நகத்தை அழுத்திப் பாருங்க, வெளுத்து உடனே செவக்கணும்."

பாய் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "என் காலை நீ புடிக்கிறதா? வேணாம் நைனா."

"எனக்கும் பயமாத்தான் கீது பாய். ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கலாமா?"

"நீ மூடாதே. அப்பால நல்ல காலைக் கட்டிட்டுப் போயிடுவே."

முதல் இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டினேன். மூன்றாம் நாள் பெரிய வியாழன். அன்று மாலைப் பூசையில், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். எங்கள் தெருவிலிருந்து நான். பெயர்தான் பாதம் கழுவுவது. அழுக்குக் காலை ஃபாதரிடம் நீட்ட வெட்கப்பட்டு, எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகமும் வெட்டிக்கொண்டுதான் போவோம். அந்த அவசரத்தில் பாய்க்குக் கட்டுப் போட்டேன். பொட்டலம் மாதிரி அழகாக வந்தது.

கோயிலில் ஃபாதர் என் காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். குனிந்து என் விரல்களைப் பார்த்தேன். பாயின் விரல்கள்? ஒன்றுகூட வெளியே இல்லை. நுனிவரை சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

ஃபாதர் அடுத்தவரிடம் நகர்ந்தார். நடுவில் எழுந்தால் மொத்தக் கோயிலும் பார்க்கும். எழுந்தேன். பக்கவாட்டு வாசல் வழியாக, பன்னிரண்டு பேருக்கும் தோளில் போட்டுவிட்டிருந்த சிவப்புப் பட்டையோடு, செருப்புகூட இல்லாமல் ஓடினேன். சர்க்கரையில் கால் எடுத்தவர்கள் என்று நான் கேள்விப்பட்ட அத்தனை பேரும் வழியெல்லாம் என்கூடவே வந்தார்கள்.

பாய் கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, மாப்பிள்ளை கோலத்துல கீறே? பொண்ணு வேணாம்னுட்டாளா?"

குனிந்து கட்டை அவிழ்த்தேன். தொட்டுப் பார்த்தால் விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. பெருவிரல் நகத்தை அழுத்தினேன். வெளுத்தது. விட்டேன். சிவந்தது. மற்ற நான்கையும் அழுத்தினேன். நான்கும் சிவந்தன. நம்பாமல் மறுபடி முதலிலிருந்து அழுத்தினேன்.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "விரலை மூடிக் கட்டிட்டேன் பாய். மன்னிச்சிடுங்க."

"அதுக்கா கோயில்லேர்ந்து ஓடியாந்தே?"

அவர் டி.வி.யை நிறுத்தினார். "சரி, இப்ப நிதானமா கட்டு. யாரும் துரத்தல."

கட்டினேன். பூசை முடிந்து என் மனைவி என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, பாயும் நானும் சர்க்கரை போடாத டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"கோயில் முழுக்க உன் பேச்சுதான்" என்றாள்.

பேசிவிட்டுப் போகட்டும். கட்டுக்கு வெளியே ஐந்து விரல்களும் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபடியே டீயைக் குடித்து முடித்தேன்.