நன்றி அறிவிப்புக் கூட்டத்தில் மாமா கேட்ட கேள்வி

என் மாமா எதிர்க்கட்சிக்காரர். வேறு தொழிலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மந்தைவெளியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டது அத்தை. மாமா பார்த்தது அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற வேலை. சாயங்காலமானால் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மயிலாப்பூர் குளத்துப் பக்கமோ, பட்டினப்பாக்கமோ, அடையாறில் ஏதாவது ஒரு தெருமுனையோ, ஒரு மேடையும் மைக்கும் இருந்தால் அவருக்குப் போதும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கீழ்வீட்டில் மாமாவும் அத்தையும் இருந்தார்கள், மாடியில் நாங்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லாததால் என்னை இரண்டு வீடும் பங்கு போட்டுக்கொண்டு வளர்த்தன. அப்பா அரசு ஊழியர். மச்சினன் தினமும் அரசாங்கத்தைக் கிழித்துத் தொங்கவிடுவதில் அவருக்கு உள்ளூர உதறல். "பாத்துப் பேசு மாப்ள, எங்க ஆபீஸ் பேர மட்டும் இழுத்துடாத" என்பார். "உங்க ஆபீஸ் லிஃப்ட் எப்ப ஓடும்னு மட்டும் கேட்டுக்கறேனே அத்தான்" என்பார் மாமா. அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

எங்கள் கட்சித் தலைவர் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. போஸ்டரில் ஆறு மணி என்றிருக்கும், அவர் வரும்போது குழந்தைகள் எல்லாம் மடியில் தூங்கியிருக்கும். அதுவரை கூட்டம் கலையாமல் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் மாமா. மற்றவர்கள் பாட்டுப் பாடியும் கதை சொல்லியும் ஒப்பேற்றுவார்கள். மாமா கேள்வி மட்டும்தான் கேட்பார். முதலில் உள்நாடு. "இந்த அரசைக் கேட்கிறேன்! வேளச்சேரியில் மழை வந்தால் படகு விடுகிறீர்களே, வெயில் காலத்தில் அந்தப் படகை எங்கே நிறுத்துகிறீர்கள்? எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருமா, வராதா? வருமென்றால் இந்த ஜென்மத்திலா?" கூட்டம் சிரித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு சோடாவைக் குடித்து, துண்டால் வாயைத் துடைத்து, "இனி வெளிநாட்டுக்கு வருகிறேன்" என்பார். ஜனங்கள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். "கடலில் கோடு போட்டிருக்கிறீர்களே, அந்தக் கோடு மீனுக்குத் தெரியுமா? மீனுக்கே தெரியாத கோடு அதன் பின்னால் போகிற எங்கள் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவனை அக்கரைக்காரன் பிடித்துப் போனால் டெல்லி எழுந்து உட்கார்ந்ததா, புரண்டு படுத்ததா?" இத்தனைக்கும் மாமாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. அவர் போன ஆகப்பெரிய வெளிநாடு திருப்பதி.

வீட்டிலும் அதே குரல்தான். ரசத்தில் உப்பு குறைந்தால் தட்டின் முன் எழுந்து நின்று, "இந்த அரசைக் கேட்கிறேன்" என்று ஆரம்பிப்பார். "உள்நாட்டுப் பிரச்சினைய உள்நாட்டுக்குள்ளயே பேசிக்கலாம், உக்காருங்க" என்று அத்தை உப்பு ஜாடியை நகர்த்தி வைப்பாள். எனக்கு இவர்கள் வீட்டில் சாப்பிடத்தான் பிடிக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது. தெருவெல்லாம் வெடி. டெல்லியில் ஆள்கிறவர்களும் எங்கள் கூட்டணிதான். மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எனக்கு ஒரே பெருமை. ஆனால் வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மாமாவுக்கு விஷயம் உறைத்தது. உள்நாட்டைக் கேட்கலாமென்றால் அது நாங்கள். வெளிநாட்டைக் கேட்கலாமென்றால் அது எங்கள் கூட்டாளி. சாயங்காலம் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அத்தை கடையை மூடிவிட்டு வரும்போது அப்படியே இருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் பகுதிச் செயலாளர் வீடு தேடி வந்து, வரப்போகும் மாநகராட்சித் தேர்தலில் மாமாவுக்குக் கவுன்சிலர் சீட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றி அறிவிப்புக் கூட்டத்தில் தலைவர் வாயாலேயே பெயரை அறிவிப்பாராம். மாமாவைவிட அத்தைக்குத்தான் அதில் ஆசை. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் எல்லாம், "உன் வீட்டுக்காரர் இத்தனை வருஷமா கத்தி என்னம்மா சாதிச்சாரு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அத்தை மெஷின் மூடியைத் தூக்கி அடுத்த தாளை வைப்பாள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில் அவளுக்கு வேண்டியிருந்தது, பாவம்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா, அத்தை, நான் மூவரும் பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போனோம். நாங்கள் வழக்கமாக வாங்கும் மீன்கார அம்மாவின் மகன் தெற்கே போய் விசைப்படகில் கூலிக்கு இருந்தவன். எல்லை தாண்டியதாகச் சொல்லி, படகோடு பிடித்து அக்கரைச் சிறையில் வைத்திருந்தார்கள். மாமா பேசும் கூட்டம் எங்கே நடந்தாலும் அந்த அம்மா முன்வரிசைக்கு வந்துவிடும்.

"இன்னா நைனா, இத்தினி நாளா எம்புள்ளைக்காக கேட்டுக்கினு இருந்தே. இப்போ உங்க ஆளுங்கதான் அல்லா எடத்துலயும் கீறாங்க. இப்போ இன்னாத்துக்கு வாய மூடிக்கினே?"

"கேக்காம இருப்பனா? கொஞ்சம் நேரம் பாத்துக் கேக்கணும்மா" என்றார் மாமா.

"பாரு பாரு, நல்லா பாரு. அவன் எங்க போய்டப் போறான், உள்ளாறதானே கீறான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மீனைக் கழுவ ஆரம்பித்தது.

அத்தை அன்றைக்குப் பேரம் பேசவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு மட்டும் வஞ்சிரம் வறுவலைப் பற்றிப் பேச நிறைய இருந்தது.

கூட்டம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான். இந்தத் தடவை மேடை பெரிது, பூ அலங்காரம், கலர் லைட். அத்தையும் நானும் பெண்கள் பக்கம் முதல் வரிசையில். இரண்டு நாற்காலி தள்ளி மீன்கார அம்மா. மேடை ஏறும் முன்பே பகுதிச் செயலாளர் மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், நன்றியும் பாராட்டும் தவிர வேறு ஒரு வார்த்தை கூடாது என்று.

மாமா நன்றி சொன்னார். தலைவருக்கு, வாக்காளப் பெருமக்களுக்கு, தாய்மார்களுக்கு, கூட்டணிக் கட்சிகளுக்கு, மைக் செட்காரருக்கு. அதோடு தீர்ந்துவிட்டது. மணிக்கணக்கில் கேள்வி கேட்கத் தெரிந்த மனிதருக்குப் பாராட்டத் தெரியவில்லை. தலைவர் இன்னும் அடையாறு பாலத்தையே தாண்டவில்லை. மேடைக்குக் கீழே பகுதிச் செயலாளர் ரப்பரை இழுப்பதுபோல் இரண்டு கையையும் விரித்து விரித்துக் காட்டினார். மாமா மறுபடியும் தாய்மார்களுக்கு நன்றி சொன்னார். ஜனங்கள் ஒவ்வொருவராக பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. என் மாமா பேசி யாரும் எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

மாமா பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். அத்தை மீன்கார அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்து முகவாயை லேசாகத் தூக்கினாள். சட்டுபுட்டென்று முடித்துக்கொண்டு வாங்க, வீட்டுக்குப் போகலாம் என்கிறாள் என்று நான் நினைத்தேன். எனக்கும் பசி.

மாமா சோடா பாட்டிலை எடுத்துக் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"இந்த அரசைக் கேட்கிறேன்!"

பழைய குரல். பஜ்ஜிக் கடையில் நின்றவர்கள் கையில் தட்டோடு திரும்பினார்கள். "அக்கரைச் சிறையில் கிடக்கிற எங்கள் பிள்ளைகளுக்காகக் கோட்டையிலிருந்து டெல்லிக்கு ஒரு போன் போனதா? டெல்லியிலிருந்து அக்கரைக்கு ஒரு போன் போனதா? போகவில்லையென்றால், போன் பில் கட்டவில்லையா? சொல்லுங்கள், நாங்கள் கட்டுகிறோம்!" விசில் பறந்தது. நான் நாற்காலிமேல் ஏறி நின்று கை தட்டினேன். மீன்கார அம்மா கைதட்டவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் தலைவரின் கார் வந்து நின்றது. தலைவர் மாலை வாங்கிக்கொண்டார், பேசினார், போனார். யார் பெயரையும் அறிவிக்கவில்லை.

மறுநாள் காலையில் பகுதிச் செயலாளர் கைப்பேசியும் கையுமாக வந்துவிட்டார். யாரோ எடுத்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுங்கட்சி மேடையிலேயே ஆளுங்கட்சியைக் கேட்கிறான் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம்.

"தலைவர் உன்னைக் கட்சியவிட்டே எடுக்கச் சொல்லிட்டாரு. நான்தான் கைல கால்ல விழுந்து ஒரு நாள் டைம் வாங்கினு வந்திருக்கேன். ஒரே பதில் சொல்லு. தெரிஞ்சு கேட்டியா, தெரியாம கேட்டியா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். அதற்குள் காபித் தட்டோடு அத்தை நடுவில் வந்துவிட்டாள்.

"அட, பழக்க தோஷம்ணே! இத்தினி வருஷமா வாய்க்குப் பழகிப்போச்சு. வீட்லயே வந்து பாருங்களேன், நேத்து ரசத்தைப் பாத்து இந்த அரசைக் கேட்கிறேன்றாரு. ஜெயிச்சதே இவருக்கு மறந்துபோச்சு!"

பகுதிச் செயலாளர் சிரித்துவிட்டார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். மாமா மட்டும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அப்படியே சொல்லிடறேன். கட்சியில இருக்கட்டும். ஆனா சீட்டு... அது இனிமே கஷ்டம்மா."

"தெரியும்ணே. காபி ஆறிடப் போகுது, குடிங்க."

அவர்கள் போன பிறகு, "எதுக்கு அப்படிச் சொன்னே?" என்றார் மாமா.

"பின்னே? கட்சியில இல்லன்னா சாயங்காலம் எங்க போவீங்க? வீட்ல உக்காந்துக்கினு என்னையில்ல கேள்வி கேப்பீங்க!"

இதைக் கேட்டு நான் உருண்டு புரண்டு சிரித்தேன். மாமா வாய் தவறி சீட்டைக் கோட்டைவிட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் நடித்தே காட்டினேன். மாமாவுக்கும் நஷ்டம் இல்லை போலத்தான் தெரிந்தது. சீட்டு வாங்கிய வேறொருவருக்காக அந்தத் தேர்தலில் தொண்டை கிழியப் பேசினார். மீன்கார அம்மாவின் மகன் சில மாதம் கழித்து மற்றவர்களோடு விடுதலையாகி வந்தான். மாமா கேட்டதால்தான் என்று ஊரில் சிலர் சொன்னார்கள், மாமா சொல்லவில்லை.

அதெல்லாம் பிறகு. அந்த வாரமே ஒரு நாள் அத்தை என்னைத் தி.நகருக்கு அழைத்துக்கொண்டு போனாள். பெரிய ஜவுளிக்கடை. பைக்குள்ளிருந்து ஒரு பட்டுப் புடவையைப் பில்லோடு எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். அரக்குக் கலர், மாம்பழ மஞ்சளில் பார்டர், மடிப்புக்கூடக் கலையவில்லை. அத்தையிடம் அப்படி ஒரு புடவை இருந்தது எனக்கும் தெரியாது, அநேகமாக மாமாவுக்கும் தெரியாது. கடைக்காரர் பிரித்துப் பார்த்தார்.

"டேமேஜ் எதுவும் இல்லியேம்மா. ஏன் மாத்தறீங்க?"

"விசேஷம் தள்ளிப் போயிடுச்சுங்க" என்றாள் அத்தை.

பணமாகத் தர மாட்டார்கள், வேறு துணி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாமாவுக்கு மேடைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டைகள் எடுத்தாள். மிச்சத்துக்கு எனக்கு ஒரு பட்டுப் பாவாடை, பச்சையில் சிவப்பு பார்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன்.

"அத்தை, மாமாவுக்கு அடுத்த கூட்டத்துலயும் இதே மாதிரி வாய் தவறிடணும்!"

அத்தை சிரித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி சிரித்தாள், மறுபடி துடைத்துக்கொண்டாள். அத்தையை இவ்வளவு சிரிக்க வைத்துவிட்டோமே என்று மந்தைவெளி வந்து சேரும்வரை எனக்கு ஒரே பெருமை.