வெள்ளம் பார்க்க வெற்றிலை பாக்கு

தேவசிகாமணி காப்பீட்டு முகவராக இருந்தவர். ஆயுளில் பாதியை அடுத்தவர் ஆயுளைப் பற்றிப் பேசியே கழித்தார். அதனால் அவர் ஆபத்து என்று வாயைத் திறந்தாலே தெருவில் கதவைச் சாத்துவார்கள். மனைவி என்ற முறையில் நான் சாத்த முடியாது. காதை மட்டும் சாத்திக்கொள்வேன்.

எங்கள் தெரு முன்பு வயலாக இருந்தது. முன்னால் தாமிரபரணி, பின்னால் குளம். மனை விற்றவர் இரண்டையும் காட்டி ‘தண்ணீர்க் கஷ்டமே வராது’ என்றார். அந்த வாக்கை இன்றுவரை குறை சொல்ல முடியாது.

மழைக்காலம் வந்துவிட்டால் தெரு ஆண்கள் பேப்பரில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைப் பார்த்த பிறகுதான் பல் விளக்குவார்கள். அணை நிறையவில்லையென்றால் மறுபடியும் படுத்துக்கொள்வார்கள். இவருக்கு அது பொறுக்காது.

“மலையில பெய்யாம ஊருக்குள்ள பெஞ்சா என்னவே செய்வீரு? பின்னால குளம் இருக்குல்லா?”

“அதுக்கும் ஒரு பாலிசி வச்சிருப்பீங்களே அண்ணாச்சி!” என்பார் எதிர்வீட்டு ஹபீப் முகம்மது. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒருமுறை தெருவைக் கூட்டிப் பேசவும் செய்தார். வந்தவர்கள் வடையைத் தின்றுவிட்டு, சட்னி நன்றாக இருந்ததாக என்னிடம் சொல்லிப் போனார்கள். அன்றைக்குத்தான் இவருக்குப் புத்தி வந்தது.

“நம்ம ஆளுவ உயிருக்குப் பயந்து வீட்டை விட்டு வரமாட்டான், ஏளா. ஆத்துல வெள்ளம்னா மட்டும் பிள்ளை குட்டியோட பாலத்துக்குப் போவான். போலீஸ் விரட்டுனாலும் முறுக்கைத் தின்னுக்கிட்டே நிப்பான். வேடிக்கைன்னு கூப்பிட்டாத்தான் வருவான்.”

மாடியில் ஓர் அறை கட்டினார். மொட்டைமாடிக்குத் தகரக் கூரை போட்டார். இரண்டு பேர் சேர்ந்து ஏறும் அகலத்தில் படி, கைப்பிடி, தண்ணீர் டிரம், கேஸ் அடுப்பு, கயிறு, ஒரு கக்கூஸ். கீழே ஒன்று இருக்கும்போது மேலே எதற்கு என்றேன். “வெள்ளத்துல முதல்ல முங்குறது அதுதான்” என்றார். பிறகு தெருவெல்லாம் சொல்லி வைத்தார்: “வெள்ளம்னா நம்ம மாடிக்கு வாங்க. ஆறும் தெரியும், குளமும் தெரியும். பஜ்ஜி உண்டு.”

எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றைக் கோட்டைவிட்டார். மாடியில் பால் காய்ச்சியபோது தன் அக்காள் சொர்ணாம்பாளைப் போனில் கூப்பிட்டார். அதே தெருவில், ஆகப் பள்ளமான இடத்தில், மதினி தனியாக இருந்தாள். முட்டி தேய்ந்த கால். அவள் புருஷன், இவருடைய அத்தான், போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது.

“வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடாத வீட்டுப் படியில என் கால் படாது” என்றாள் மதினி.

“கூடப்பிறந்தவளுக்கு என்ன வெத்தலை பாக்கு?” என்றார் இவர். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கோயிலில் பார்த்தால் சாமியைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் மார்கழி பிறந்த ஞாயிற்றுக்கிழமை, விடாமல் மழை. அணை நிறையவில்லை என்று பேப்பர் சொன்ன தைரியத்தில் ஆண்கள் குடையை எடுத்துக்கொண்டு ஆறு பார்க்கப் போனார்கள். மதியத்துக்கு மேல் எங்கள் கீழ்க் கக்கூஸில் குமிழி விட்டது. போகவேண்டிய தண்ணீர் திரும்பி வந்தது. இவர் குனிந்து, நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி பார்த்தார்.

“குளம் வந்துட்டு” என்றார்.

தெருவில் நின்று தட்டைக் கரண்டியால் தட்டினார். “ஆத்தைப் பார்த்தது போதும்வே! மாடிக்கு வாங்க, பின்னால பெரிய வேடிக்கை. வீட்டுக்காரி பஜ்ஜி போடுதா!”

நான் போடவில்லை. அப்போதுதான் வாழைக்காயை எடுத்தேன்.

தெரு வந்தது. ஹபீப் முகம்மது குடும்பத்தோடு நாற்காலியும் தூக்கிக்கொண்டு வந்தார். தப்பி வந்ததாக ஒருவரும் நினைக்கவில்லை. பஜ்ஜியும் கையுமாக நின்று, தெருவில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து மிதப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். அது தன்னுடையது என்று தெரிந்ததும் ஹபீப் மட்டும் சிரிப்பை நிறுத்தினார்.

மதினி வரவில்லை. போன் செய்தேன்.

“எனக்கு இங்கனயே வெள்ளம் தெரியுது. கட்டில் கால் வரைக்கும் வந்துட்டு” என்றாள்.

“கிழட்டு மூதி” என்றார் இவர். நேராகப் பூஜை அலமாரிக்குப் போய்த் தட்டை எடுத்து வெற்றிலையும் பாக்கும் வைத்தார். பழம் இல்லை. மீதமிருந்த வாழைக்காயில் ஒன்றை வைத்தேன். தம்பதியாகத்தான் அழைக்கவேண்டும் என்பதால் நானும் இறங்கினேன். தொடை வரை தண்ணீர். இவர் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். ஹபீப் கயிற்றோடு பின்னால் வந்தார்.

மதினி கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். இவர் தட்டை நீட்டினார்.

“அக்கா, நம்ம வீட்டு மாடியில வெள்ளம் பார்க்குதோம். நீங்க அவசியம் வரணும்.”

“காயை வச்சுக் கூப்பிடுதியே, வெக்கமா இல்லியாலே?”

“பழுக்கிற வரைக்கும் தண்ணி நிக்காதுக்கா.”

“அத்தானைக் கூப்பிடலியே?”

அத்தான் மாலையோடு சுவரில் இருந்தார். இவர் படத்தைப் பார்த்துக் குனிந்தார். “அத்தான், குடும்பத்தோட வந்திருங்க.”

“அப்படியே தலைதீபாவளிக்கும் சொல்லிருங்க அண்ணாச்சி” என்றார் வாசலில் ஹபீப். “இங்க கயிறு கையை அறுக்குது.”

மதினி வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவளையும், அவள் மடியில் அத்தானையும் வைத்து இவரும் ஹபீபும் தூக்கிவந்தார்கள். எங்கள் முதல் படியில் காலை வைத்ததும், “படி உயரம்லே” என்றாள். இருட்டுவதற்குள் அவள் வீட்டு ஜன்னல் தண்ணீருக்குள் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே பஜ்ஜியைக் கடித்து, “உப்பு பத்தல” என்றாள். பிறகு அவள் அந்த மாடியை விட்டு இறங்கவே இல்லை. அத்தானும்தான்.

இவர் போன மாதம் போய்விட்டார். நல்ல வெயில் அடித்த ஒரு காலை. மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் வைத்திருக்கவில்லை.

படத்தை மாடியில் அத்தான் பக்கத்தில் மாட்ட ஹபீப்தான் ஆணி அடித்தார்.

“இன்னும் மேல” என்றாள் மதினி. “அவன் தலை நனையக் கூடாதுல்லா.”

அவர் சுத்தியலோடு நாற்காலிமேல் ஏறி, மேலே அடித்தார்.

ஐப்பசி வருகிறது. டிரம்மில் தண்ணீரை மாற்றிவிட்டேன். கடலை மாவு வாங்கவேண்டும்.