கட்டில்காரரின் விமானம்

கட்டில்காரர் செய்த கட்டில் அவ்வளவு உறுதி, மூன்று தலைமுறை புரண்டாலும் ஒரு முளை அசையாது. அந்தப் பெருமை தலைக்கேறியதுதான் வினை. மனிதர்கள் அப்போதுதான் பறக்கத் தொடங்கியிருந்தார்கள். பத்திரிகையில் ஒரு விமானத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சட்டம், நாலு முளை, இது ஒரு பிரமாதமா?" என்றார். செய்யவும் தொடங்கினார்; பட்டறையில் பாதி இடம் அதற்கே போயிற்று.

இறக்கைத் துணி முழுவதையும் தைத்தவள் அவர் மனைவி. கம்பிகளை அவர் முறுக்கும்போது இருக்கையில் உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். மூன்று வருஷம் ஆயிற்று. எஞ்சின் உறுமியது, சக்கரம் ஓடியது, விமானம் தரையை விடவில்லை. கட்டில்கால் தடிமனில் சட்டம் வைத்தால் எது எழும்பும்?

"நூறு வருஷம் நிக்கும்," என்றார்.

"நிக்கத்தான் நிக்குது. பறக்கத்தானே செஞ்சீங்க?"

அன்று சட்டங்களை இழைக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. விமானம் மெலிந்துகொண்டே வந்தது. அவர் மெலியவில்லை.

ஓடவிட இடம் கொடுத்திருந்த வயல்காரர், மறுநாள் உழவு என்று சொல்லிவிட்டார். ஊரில் வேறு சமதரை கிடையாது. இன்று எழும்பாவிட்டால் அத்தனையும் விறகுதான். தன் மூன்று வருஷத் தையலும் அதோடு போகும் என்று நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

காலையில் மூன்று முறை ஓட்டினார். ஒரு விரற்கடைகூட எழவில்லை. உடனே இறங்கி, இறக்கைச் சட்டத்தை இழைக்க இழைப்புளியை எடுத்தார். இன்னும் ஒரு சுருள் சீவினால் சட்டம் முறிந்துவிடும். அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"மரத்தை இழைச்சது போதும். உங்க தொப்பையை யாரு இழைக்கிறது? நான் ஏறுறேன்."

"நீ விழுந்தா ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"இப்ப என்ன, மாலையா போடுது?"

ஏறினாள். வரப்பு நெருங்கும் நேரம் சக்கரத்தின் தடதடப்பு சட்டென்று நின்றது. கீழே பார்த்தாள், தரை விலகிப் போயிருந்தது. பயம்தான், ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழே அவர், "மெதுவா, மெதுவா" என்று மூச்சிரைக்க ஓடி வந்தார். வயலின் மறுகோடியில் ஒரு சக்கரத்தை உடைத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் பட்டறை வாசலுக்குப் பத்திரிகைப் படக்காரர் வந்தார். விமானிகளின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விமான இருக்கையில் வீற்றிருந்தவர் கட்டில்காரர்.

"அம்மா, உங்க நிழல் இறக்கையில விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் படக்காரர்.

தள்ளி நின்றாள். "நிதானமாவே எடுங்க," என்றாள். "அவரு உக்காந்தா அது ஆடாது, அசையாது."