ஜீப் ஷெட்டின் இரும்புக் கதவு

இதைக் கேட்ட எல்லோரும், "அதிர்ச்சியில உனக்குப் பிரமை" என்றுதான் சொன்னார்கள். அந்தக் கதவை உடைத்த நான்கு தீயணைப்பு வீரர்களைத் தவிர.  அவர்கள் எங்கள் அலுவலகத் தெருப் பக்கமே வருவதில்லை.

எனக்கு நில அளவை அலுவலகத்தின் வரைபட அறையில் வேலை. அந்நிய ஆட்சிக்காலத்துப் படங்கள், போர்க்காலத்தில் ராணுவம் வரைந்த படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற வேண்டும். எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. லென்ஸ் இல்லாமல் மனிதர் சாப்பாட்டைக்கூட நம்ப மாட்டார்.

என் தம்பி கேபிள் பதிக்கும் கம்பெனியில் இருந்தான். அன்று எங்கள் அலுவலகத் தெருவிலேயே அவனுக்கு வேலை. மதியம் வந்து என் டிபன் பாக்ஸில் பாதியைக் காலி செய்துவிட்டுத் திரும்பவும் பள்ளத்துக்குள் இறங்கினான்.

மாலை நாலு மணி இருக்கும். தடால் என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால், பள்ளம் இருந்த இடத்தில் சரிந்த மண். அவனோடு வேலை பார்த்தவர்கள் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் இல்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. மெஷின் வைத்தால் இன்னும் சரியும், கையால்தான் தோண்ட வேண்டும் என்றார் அதிகாரி. என்னால் சும்மா நிற்க முடியவில்லை. அடியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வரைபட அறைக்கு ஓடினேன். போர்க்காலத் தாளை விரித்தேன். தெருவுக்கு அடியில் நீளமாக ஒரு நிலவறை. விமானங்கள் குண்டு போடும்போது மக்கள் ஒளிந்துகொள்ளக் கட்டியது. அதன் ஒரு வாசல் எங்கள் அலுவலக ஜீப் நிறுத்தும் ஷெட்டுக்குள்ளேயே!

போன் அடித்தது. தம்பியின் எண்.

"அக்கா..."

"டேய்! எங்கடா இருக்க?"

"இருட்டா இருக்குக்கா. வழி தெரியல."

அவன் என்னை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. வாடி, போடிதான். பயத்தில் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தில் விரலை வைத்துக்கொண்டு வழி சொன்னேன். "சுவரத் தொட்டுக்கிட்டே வா. இடது பக்கம் ஒரு வளைவு வரும்."

"வந்துடுச்சு."

சொன்ன ஒவ்வொரு வளைவும் சரியாக வந்தது. அவனுக்குப் பின்னால் இருமல் சத்தம். ஒருவருடைய இருமல் இல்லை.

"யாருடா கூட?"



"நிறைய பேர் இருக்கோம்க்கா... கதவு வந்துடுச்சு. திறக்க மாட்டேங்குது. மூச்சு முட்டுது..."

தெருவுக்கு ஓடினேன். அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்தேன். "ஷெட்டுக்கு ஆள் அனுப்புங்க சார்! அங்கதான் இருக்கான்!"

"தோண்டிட்டு இருக்கோம்மா. பாதியில விட முடியாது."

காலில் விழுந்தேன். போனை அவர் காதில் வைத்தேன். அவர் முகம் மாறியது.

"உள்ள இத்தனை பேரா?"

நான்கு பேரை என்னோடு அனுப்பினார்.

ஷெட்டின் மூலையில் பழைய டயர்கள் கூரை வரை குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டோம். பின்னால் இரும்புக் கதவு. வெளியே துருப்பிடித்த பூட்டு.

உள்ளிருந்து தட்டும் சத்தம்.

தட்... தட்... தட்...

ஒரு கை தட்டுவதுபோல இல்லை.

கடப்பாரையால் நெம்பினார்கள். பூட்டு தெறித்தது. கதவு திறந்தது.

வழி இல்லை.

சுவர். கான்கிரீட் சுவர். கை வைத்துப் பார்த்தேன். இறுகிப் பல காலம் ஆன கான்கிரீட்.

அப்போது ஒரு குளிர்ந்த காற்று என் தோளை உரசிக்கொண்டு போனது.

மறுபடி ஒன்று.

மறுபடி...

வரிசையாக.

போனில் குரல் கேட்டது.

"வெளிய வந்துட்டோம்க்கா."

தொடர்பு அறுந்தது.

அதே நேரம் தெருவில் கூச்சல். தம்பியைக் கண்டுபிடித்திருந்தார்கள். சரிந்த பள்ளத்திலேயே, விழுந்த இடத்திலேயே. உயிர் இருந்தது. வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் முன்னால் மண்ணை அகற்றியிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் நான்கு பேரை இழுத்துக்கொண்டு போயிருந்தேன்.

அவன் போன் அவனுக்கு அடியில் நசுங்கி இரண்டாக உடைந்து கிடந்தது.

மறுநாள் பூதக்கண்ணாடி, நான் விரித்த தாளுக்கு அடுத்த வருடம் ராணுவம் வரைந்த அதே தெருவின் படத்தைத் தேடி எடுத்தார். நிலவறை முழுக்கக் குறுக்குக் கோடுகள். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அதைப் படித்துவிட்டு, லென்ஸை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

'குண்டுவீச்சில் இடிந்தது. உள்ளே இருப்பவர்களோடு மூடப்பட்டது.'

தம்பி பேச ஒரு வாரம் ஆனது. கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"மண்ணுக்குள்ள மயங்கிக் கிடந்தப்ப, யாரோ ஒருத்தன் பக்கத்துல வந்து உக்காந்தான்டி. 'உனக்காக அழ வெளிய யாராவது இருக்காங்களா'ன்னு கேட்டான். எங்கக்கா இருக்கான்னேன். 'எங்களுக்கு யாருமே வரல. உங்கக்காவக் கொஞ்ச நேரம் எங்களுக்குத் தர்றியா'ன்னான்."

"நீ என்னடா சொன்ன?"

"சரின்னேன்."